அக்கா வீட்டின் காற்றுத் துளைகள்

நான் டென்மார்க்குக்குப் போனது ஊர் பார்ப்பதற்காக அல்ல. அக்காவின் இருமலுக்காகப் போனேன்.

அக்கா றெஜினாவும் அத்தான் சேவியரும் ஹொல்ஸ்டெப்ரோ என்ற பட்டினத்துக்குச் சற்று வெளியே குடியிருக்கிறார்கள். அக்காவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. அத்தானுக்கு யன்னல் செய்யும் தொழிற்சாலையில். போன குளிர்காலத்தில் அக்கா நெஞ்சுச் சளியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். இந்தக் குளிர்காலம் நத்தார்ப் பண்டிகைக்கு முன்பே படுத்துவிட்டார். “ஒருக்கா வந்து நில்லடி பிலோ. இந்த மனிசனுக்குச் சோறு வடிக்கவும் தெரியாது” என்று போனில் சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. போனை வாங்கிய அத்தான், “சோறு வடிப்பன் பிள்ளை, கறிதான் பிழையாப் போகும்” என்றார்.

நான் மன்னாரில் ஒரு ஐஸ் கொம்பனியில் சிட்டை எழுதுகிறவள். ஓ.எல். பரீட்சை வரை படித்தேன். தெரியாத ஆட்களோடு கதைக்க எனக்கு வாய் வராது. மீன்காரர் கேட்பதற்குப் பதில் சொல்லிச் சொல்லியே காலம் போய்விட்டது. கொழும்புக்குப் போவதே எனக்குப் பெரிய பயணம்.

கோப்பன்ஹேகனில் என்னை ரயிலேற்றிவிட்டவர் அத்தானின் கூட்டாளி. பக்கத்து அல்பர்ட்ஸ்லுண்டில் இருப்பவர். “ஒண்டுக்கும் யோசியாதேங்கோ தங்கச்சி. இருந்த இடத்தை விட்டு எழும்பாதேங்கோ, ரயில் கொண்டுபோய் விடும்” என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அப்படியே இருந்தேன். அது பேசக்கூடாத பெட்டி. ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கென்றே செய்த பெட்டி என்று நினைத்துக்கொண்டேன். பாதி வழியில் எதிரே பின்னல் பின்னிக்கொண்டிருந்த அம்மா என் பயணச்சீட்டை எட்டிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. பேசக்கூடாத பெட்டி என்பதால் அவரும் பேசவில்லை. இரண்டு கைகளையும் சேர்த்து வைத்து, பிறகு பிரித்துக் காட்டினார். ரயில் அடுத்த நிலையத்தில் இரண்டாகப் பிரியுமாம். நான் இருந்த பாதி வேறு ஊருக்குப் போகிறதாம். அவரே என் பையைத் தூக்கிக்கொண்டு, என் மணிக்கட்டைப் பிடித்து, மேடை நீளத்துக்கு நடத்திக் கொண்டுபோய் மற்றப் பாதியில் இருத்திவிட்டு ஓடினார். நன்றி சொல்வதற்குக் கூட எனக்கு நேரம் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் என்ன மொழியில் சொல்லியிருப்பேனோ தெரியாது.

அக்கா வீட்டுக்குள் கால் வைத்ததும் நான் முதலில் தேடியது நெருப்பை. படங்களில் குளிர்நாட்டு வீடு என்றால் ஒரு மூலையில் விறகு எரியும். இங்கே ஒன்றும் எரியவில்லை. ஆனால் வீடு முழுவதும் ஒரே அளவான வெதுவெதுப்பு. தரை கூடக் காலுறையைக் கடந்து, கால் சுடாத அளவுக்குச் சூடாக இருந்தது. மேசு என்று நாங்கள் சொல்லும் அந்தக் கம்பளிக் காலுறை அக்கா தந்தது. இரண்டு சோடி தந்திருந்தார்.

“அது நிலத்துக்குக் கீழால தண்ணிக் குழாய் ஓடுது” என்று அத்தான் தொடங்கினார். அவருக்கு வீட்டைக் காட்டுவது கோவிலைக் காட்டுவது மாதிரி. யன்னல் கண்ணாடியைத் தட்டினார். “மூண்டு கண்ணாடி. நானே கொம்பனியில எடுத்து, நானே பூட்டினது. ஒரு குண்டூசி போகாது. சுவருக்குள்ளயும் பஞ்சு அடிச்சாச்சு.”

சுவரின் கனத்தைப் பார்த்தேன். “எங்கட ஐஸ் அறை மாதிரி” என்றேன். அங்கே குளிர் வெளியே போகாமல் கட்டிக் காக்கிறோம். இங்கே சூடு.

“பாத்தியே றெஜினா? உன்ர தங்கச்சிக்கு உடன விளங்குது. உனக்கு விளங்கப்படுத்த எனக்கு ஒரு வருசம் எடுத்தது.”

“விளங்கி என்ன? அலுமாரியை இழுத்துக் காட்டுங்கோவன்” என்றார் அக்கா.

அத்தான் முகம் சுருங்கியது. படுக்கையறை அலுமாரியை ஒரு சாண் இழுத்தார். பின்சுவர், தேங்காய் எண்ணெய் விளக்குக் கரி படிந்த மாதிரிக் கறுத்துக் கிடந்தது. பூஞ்சணம். ஈரத் துணியின் மணம்.

விஷயம் இதுதான். பழைய யன்னல்கள் இருந்த காலத்தில் காற்று எந்த இடுக்காலும் வந்து போனது. வீடு குளிர்ந்தது, ஆனால் காய்ந்தது. அத்தான் குண்டூசி போகாமல் அடைத்த பிறகு, சோறு வேகிற ஆவியும், குளிக்கிற ஆவியும், உள்ளே காயப்போட்ட உடுப்பின் ஈரமும், ஆட்களின் மூச்சும் வெளியே போக வழியில்லாமல் அலுமாரிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டன. டொக்டர் அக்காவிடம், வீட்டுக் காற்றைச் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் அந்த வீட்டில் இருக்காதீர்கள் என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு அத்தான் பரணில் ஒரு காற்று மெசின் பூட்டுவித்தார். பூட்டிச் சில மாதமாகியும் பூஞ்சணம் போகவில்லை. இருமலும் போகவில்லை. மகள் அனிதா ஓகூஸ் நகரத்தில் தாதியாக இருக்கிறாள். அவள் ஒரே பிடியாக நின்றாள்: வீட்டை விற்றுவிட்டுத் தன் பக்கத்தில் ஒரு பிளாட்டுக்கு வாருங்கள்.

அக்காவுக்கு இந்த வீட்டை விட மனமில்லை. அதைச் சொல்லத் தொடங்கினாலும் இருமல்தான் முந்தியது.

பயணக் களைப்பில் பகலிலேயே படுத்தேன். அனிதாவின் பழைய அறை எனக்கு. மல்லாந்து படுத்தபோதுதான் அதைக் கண்டேன். கூரையில், சரியாக என் தலைக்கு மேலே, தேநீர்ச் சாசர் அளவில் ஒரு வெள்ளை மூடி. அதன் ஓரத்தால் மெல்லிய காற்று வந்து உச்சந்தலையில் விழுந்தது. ஐஸ் அறைக் கதவை யாரோ சரியாகச் சாத்தாமல் விட்ட மாதிரி. எங்கள் வீட்டில் தலையில் காற்றுப் பட்டால் தடிமன், தடிமன் பிடித்தால் சளி, சளி கட்டினால் ஆஸ்பத்திரி. பின்னேரத்துக்குப் பிறகு காதை மூடாமல் வெளியே போனதில்லை. பேசாமல் கதிரையில் ஏறினேன். பயணத்துக்காக வாங்கிய, காதை மூடும் கம்பளித் தொப்பியைச் சுருட்டி அந்த ஓட்டைக்குள் தள்ளினேன். அறையில் இத்தனை இதமான சூடு இருக்கும்போது இந்த ஓட்டை எதற்கு என்று நினைத்தபடி நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் எனக்கு ஒரு மானக்கேடு நடந்தது. அக்கா உடுப்புக் காயப்போடுவது வரவேற்பறையில் நிறுத்திய கம்பி ராக்கையில். என் துவாய் காயவே இல்லை. குசினி யன்னலால் பார்த்தேன். வெளிச்சுவரோரம் ஒரு பெரிய பெட்டி, உள்ளே காற்றாடி சுழன்றுகொண்டிருந்தது. எனக்கு அது நன்றாகத் தெரிந்த சாமான். எங்கள் கொம்பனியின் பின்பக்கத்திலும் இப்படித்தான் ஒன்று அனல் ஊதிக்கொண்டிருக்கும், பெடியன்கள் சாரத்தை அதில்தான் காயப்போடுவார்கள். துவாயைக் கொண்டுபோய் அந்தக் காற்றாடிக்கு முன்னால் விரித்துவிட்டு வந்தேன்.

சிறிது நேரத்தில் அத்தான் துவாயோடு உள்ளே வந்தார். அதை மடித்துக்கொண்டு வரவில்லை, பலகையைப் போல நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தார். மேசையில் வைத்துத் தட்டினார். டக் டக் என்றது.

“பிலோ, இதில கருவாடு வெட்டலாம்.”

“அது சூடு ஊதுமெண்டு நினைச்சன் அத்தான்.”

“உங்கட கொம்பனி மெசின் தண்ணியில இருந்து சூட்டை எடுத்து வெளியில ஊதுது. இது வெளிக்காத்தில இருந்து சூட்டை எடுத்து வீட்டுக்குள்ள தருது. வெளியில ஊதுறது மிச்சக் குளிர்.”

“இந்தக் குளிருக்குள்ள சூடு எங்கால வந்தது?”

“எவ்வளவு குளிரெண்டாலும் அதுக்குள்ளயும் கொஞ்சம் சூடு இருக்கும். ஐஸ் கொம்பனியில இருந்துகொண்டு உனக்கு ஒருதரும் சொல்லேல்லையோ?”

“நாங்கள் ஐஸ் மட்டும்தான் விக்கிறம்” என்றேன். அக்கா சிரித்து, சிரிப்பு இருமலாகி, தண்ணீர் குடிக்க வேண்டியதாயிற்று.

அப்படியே பேச்சு பரணில் இருக்கும் மற்ற மெசினுக்குப் போனது. அது குசினியிலும் குளியலறையிலும் இருந்து பழைய ஈரக் காற்றை உறிஞ்சி வெளியே விடுமாம். போகிற வழியில் அதன் சூட்டை எடுத்து, வெளியிலிருந்து வருகிற புதுக்காற்றுக்குக் கொடுக்குமாம். “ரெண்டு காத்தும் ஒண்டை ஒண்டு முட்டாது. சூடு மட்டும் கைமாறும்” என்றார் அத்தான். புதுக்காற்று படுக்கையறைகளிலும் வரவேற்பறையிலும் உள்ள கூரைத் துளைகளால் இறங்கும்.

துளை என்றதும் எனக்கு என் தொப்பி ஞாபகம் வந்தது. வீட்டில் அத்தனை துளை இருக்கும்போது ஒன்றை அடைத்தால் மெசினுக்கு என்ன தெரியப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

சாப்பாட்டில் எனக்குப் பிடிபடாதது அங்கத்தைய மீன். அத்தான் கறுப்புப் பாணில் வெண்ணெய் தடவி, புளிக் காடியில் ஊறிய பச்சை மீனை அதன்மேல் அடுக்கி, வெங்காயம் தூவித் தந்தார். கடித்தேன். இனித்தது. மீனுக்குச் சீனி போட்டவனை மன்னார்ச் சந்தையில் என்ன செய்வார்கள் என்று யோசித்தேன். ஆனால் கறுப்புப் பாண் நல்ல சாமான். ஒரு துண்டு சாப்பிட்டால் மத்தியானம் வரை வயிறு கேள்வி கேட்காது.

ஒரு நாள் குப்பை போட வெளியே போனேன். பக்கத்து வீட்டு வாசலில் ஒரு குழந்தை வண்டி தனியாக நின்றது. எட்டிப் பார்த்தேன். உள்ளே உயிருள்ள குழந்தை, மூக்கு நுனி சிவந்து தூங்குகிறது. என் மூச்சு புகையாகப் போகிற குளிர். மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். மணியடித்துச் சொல்ல வெட்கம். விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் காவல் நின்றேன். கால் மரத்துப்போகும் வரை நின்றேன். கடைசியில் தாய் கதவைத் திறந்தார். இளம் பெண். நான் ஏதோ கேட்க வந்திருப்பதாக நினைத்தாரோ என்னவோ. நான் குழந்தையைக் காட்டி, என் இரண்டு கைகளாலும் தோளைக் கட்டி நடுங்கிக் காட்டினேன். அவருக்கு விளங்கிவிட்டது. மெதுவான ஆங்கிலத்தில் சொன்னார்: “வெளியில்தான் நன்றாகத் தூங்குவாள். காற்று நல்லது.” என்னை உள்ளே கூப்பிட்டுக் கோப்பி தந்தார். அந்த வீட்டில் குளிர் அடித்தது. பார்த்தால் எல்லா யன்னலும் விரியத் திறந்திருந்தன. சற்று நேரத்தில் எழுந்துபோய் எல்லாவற்றையும் சாத்தினார். தினமும் இரண்டு தரம் இப்படியாம். குளிர் உள்ளே வருவதற்குக் கூடக் காலம் வைத்து நடத்துகிறார்கள்.

“காத்துப் பட்டிட்டு வாறியே?” என்று அக்கா வாசலிலேயே என் தலையைத் துடைத்தார், ஒரு துளி மழைகூட இல்லாத நாளில்.

வெள்ளிக்கிழமை அக்கா வீட்டில் செபமாலை. சுற்றுவட்டாரத்தில் உள்ள எங்கள் ஆட்கள் எல்லோரும் வருவார்கள். வாசலில் சப்பாத்துக் குவியல், கட்டிலில் கோட்டுக் குவியல், குசினியில் தேயிலைக்குக் கொதிக்கிற பெரிய பானை, மீன் ரோல்ஸ் பொரிகிற மணம். செபம் தொடங்குவதற்குள் அத்தானின் மூன்று கண்ணாடி யன்னல்களின் ஓரமெல்லாம் தண்ணீர் கோத்துவிட்டது. எனக்கே மூச்சு இறுகியது.

செபமாலையின் மணிகளைப் பத்துப் பத்தாக, மணிக்கு ஒரு செபமாக, ஒவ்வொருவர் முன்னின்று சொல்ல வேண்டும். முதல் பத்து வீட்டுக்காரிக்கு. அக்கா “அருள் நிறைந்த மரியே” என்று தொடங்கினார். நாலைந்து மணி தாண்டியதும் இருமல் பிடித்தது. விடவில்லை. முகம் சிவந்து, கண் நிறைந்து, ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் செபமாலையை என் மடியில் போட்டார். அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் மிச்ச மணிகளைச் சொன்னேன். முடிந்து தேநீர் குடிக்கும்போது ஒரு அன்ரி என்னிடம் வந்து, “பிள்ளை, நீர் சொன்னது மாதாவுக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. எல்லோரும் போன பிறகு கோப்பை கழுவும்போது சொன்னார்: “இந்த வீட்டில என்ர பத்தை நான் முடிச்சு எவ்வளவு காலம் தெரியுமே?”

சனிக்கிழமை அனிதா வந்தாள். கட்டிப்பிடித்து, “சின்னம்மா” என்றாள். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு எல்லாம் டெனிஷ். தாய் தமிழில், மகள் டெனிஷில். அக்காவின் பதில்களை வைத்து அனிதாவின் கேள்விகளை ஊகித்துக்கொண்டேன்.

“நான் சாகேல்லத்தானே?” என்றார் அக்கா.

அனிதா ஏதோ வேகமாகச் சொன்னாள்.

“பிளாட்டில செபமாலைக்கு ஆரடி வருவினம்? லிப்டுக்குள்ள நிண்டே சொல்லுறது?”

அனிதா அலுமாரிப் பக்கம் கையைக் காட்டி இன்னும் ஏதோ சொன்னாள். குரல் உடைந்தது. அத்தான் எனக்காக மெதுவாக மொழிபெயர்த்தார்: “என் வார்டில் உங்களைப் போல மூச்சுக்கு இழுக்கிற அம்மாக்களைத் தினமும் பார்க்கிறேன். வீடு முக்கியமா, நீங்கள் முக்கியமா?”

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். செவ்வாய்க்கிழமை மெக்கானிக் வருகிறார். மெசினைச் சரிப்படுத்த முடியாது என்று அவர் சொன்னால், வசந்தத்தில் வீடு விற்பனைக்கு. அனிதா லீவு போட்டுத் தங்கிவிட்டாள். அன்று இரவுச் சாப்பாட்டில் கணவாய்க் கறி நன்றாக வந்திருந்தது. ஒருவரும் இரண்டாம் தரம் கேட்கவில்லை.

மெக்கானிக்கின் பெயர் ஹென்றிக். நரைத்த தாடி, பெரிய உருவம். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, ஒரு பெருவிரல் எட்டிப் பார்க்கிற மேசோடு பரணில் ஏறினார். இறங்கி வந்து மெசினில் பிழையில்லை, நன்றாகச் சுற்றுகிறது என்றார். பிறகு புனல் மாதிரி ஒரு கருவியை எடுத்து, காற்று எவ்வளவு வருகிறது என்று அளக்க என் அறைக்கு வந்தார். புனலைக் கூரைத் துளையில் வைத்துப் பிடித்தார். கருவியைப் பார்த்தார். தட்டினார். மறுபடியும் பார்த்தார். அனிதாவிடம் ஏதோ சொல்லித் தலையாட்டினார்.

அனிதாவின் முகம் விழுந்துவிட்டது. அத்தானிடம் மெல்லக் கேட்டேன்.

“காத்து வரேல்லையாம். குழாய் எங்கயோ நசிஞ்சிருக்கோணுமாம். அப்பிடியெண்டா கூரை முழுக்கப் பிரிக்கோணும்” என்றார் அத்தான். அவர் குரலில் உயிர் இல்லை. அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அத்தனை பேருக்கு முன்னால் வாய் திறப்பதென்றால் எனக்கு உயிர் போகும். ஆனால் அக்கா உட்கார்ந்த விதம் எனக்குப் பொறுக்கவில்லை.

“அதுக்குள்ள என்ர தொப்பி கிடக்கு” என்றேன்.

அனிதா என்னைப் பார்த்தபடியே அதை டெனிஷில் சொன்னாள். ஹென்றிக் மூடியைத் திருகிக் கழற்றி, கையை விட்டு, தொப்பியை வெளியே எடுத்தார். அது விரிந்து, இரண்டு காதும் தொங்கின. என் தலை குனிந்துவிட்டது. உச்சியில் காற்று வந்து விழுந்தது.

“பிலோ!” என்றார் அத்தான். “நீயுமா? படிச்சுப் படிச்சுச் சொன்னனான், அது புதுக்காத்து வாற வழியெண்டு!”

“அத்தான், ஒண்டுதானே எண்டு...”

ஹென்றிக் பக்கத்து அறைக்குப் போய்விட்டார். நாங்களும் பின்னால் போனோம். அக்கா கதவுக்குக் குறுக்கே நின்று, “இஞ்ச பாக்கத் தேவையில்ல, இஞ்ச எல்லாம் சரி” என்றார். அவர் கட்டிலுக்கு மேலே இருந்த துளையிலிருந்து ஹென்றிக் ஒற்றை மேசு ஒன்றை உருவினார். பிறகு அதன் சோடியையும் உருவினார். எனக்குத் தந்த அதே வகைக் கம்பளி மேசு.

“றெஜினா!” அத்தான் தலையில் கை வைத்தார். “எப்ப அடைச்சனி?”

“மெசின் பூட்டின அண்டைக்கே” என்றார் அக்கா. “உச்சியில காத்துப் பட்டுது. வருத்தக்காரி நான். ஒரு ஓட்டைதானே எண்டு விட்டன்.”

“ரெண்டு பேரும் ஒரு வயித்துப் பிள்ளையள் எண்டு காட்டிப்போட்டியள். இந்தச் சனத்துக்கு விஞ்ஞானத்தை விளங்கப்படுத்த ஏலாது...” என்று அத்தான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஹென்றிக் வரவேற்பறையில் ஏணியை வைத்துவிட்டார். ரீவிக்கு எதிரே உள்ள கதிரைக்கு நேர் மேலே ஒரு துளை. அத்தான் பேச்சை நிறுத்தினார். மூடி கழன்றது. ஹென்றிக்கின் கையில் ஒரு வேலைக் கையுறை வந்தது. கண்ணாடி தூக்கும்போது போடுகிற தடித்த ரப்பர்க் கையுறை. அந்த வீட்டில் கண்ணாடி தூக்குகிறவர் ஒருவர்தான்.

முதலில் சிரித்தது அனிதா. நிலத்தில் உட்கார்ந்து சிரித்தாள். “அப்பா!” என்பதைத் தவிர வேறு சொல் வரவில்லை. அக்கா சிரித்து இருமினார், இருமிச் சிரித்தார்.

“அது... ரீவி பாக்கேக்க நேர உச்சந்தலையில...” என்றார் அத்தான்.

“சொல்லுங்கோ, சொல்லுங்கோ. விஞ்ஞானம் எங்க விழுந்தது?” என்றார் அக்கா.

உள்ளே காற்று வருகிற துளைகள் எல்லாமே அடைத்துத்தான் கிடந்தன. உறிஞ்சுகிற குசினித் துளையும் குளியலறைத் துளையும் மட்டும் திறந்திருந்தன. அவற்றின் கீழே யாரும் தலையை வைப்பதில்லை.

ஹென்றிக் தொப்பியையும் மேசுச் சோடியையும் கையுறையையும் மேசையில் வரிசையாக வைத்தார். கோபப்படவில்லை. ஏன் என்று மட்டும் கேட்டார். அனிதா சொல்ல முயன்று தடுமாறினாள். “அம்மா, ‘காத்துப் படுது’ எண்டா என்ன?” என்று தமிழில் கேட்டாள். நான் அங்கே போன பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் முழுத் தமிழ் வசனம் அது.

“காத்து வாறது வேற, படுறது வேறயடி” என்றார் அக்கா. “வந்தாப் பறவாயில்ல. மேல படக்கூடாது.”

அனிதா அதை இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தாள். ஹென்றிக் தாடியைத் தடவினார். பிறகு அவர் சொன்னதை அனிதா அப்படியே எங்களுக்குச் சொன்னாள்: “என் மனைவியும் சாப்பாட்டுக் கடையில் கதவுக்குப் பக்கத்து மேசையில் உட்காரமாட்டாள். ஆக, காற்று வரவேண்டும், ஆனால் உங்களைத் தொடக்கூடாது. அப்படித்தானே? அதை முதலிலேயே யாராவது கேட்டிருக்க வேண்டும்.”

அவர் மூடிகளுக்குள் ஒரு சின்னத் தகட்டை வளைத்து வைத்தார். காற்று கீழே விழாமல் கூரையோடு ஒட்டிப் போய், அறையின் மறுபக்கச் சுவரால் இறங்கும்படி. கட்டில்களையும் அத்தானின் கதிரையையும் நாங்கள் நகர்த்தினோம். அலுமாரியை வெளிச்சுவரை விட்டுத் தள்ளி வைத்தோம். உடுப்பு ராக்கை, உறிஞ்சுகிற துளை உள்ள குளியலறைக்குப் போனது. கடைசியாக ஹென்றிக் மெல்லிய கடதாசியை ரிபன்போலக் கிழித்து ஒவ்வொரு மூடியிலும் ஒட்டினார். கடதாசி ஆடினால் காற்று வருகிறது என்று அர்த்தம். உச்சியில் ஒன்றும் படவில்லை. ஆனால் கடதாசி ஆடியது.

மத்தியானம் தன் பாணை வேனுக்குள் இருந்து சாப்பிடப் போனவரை அக்கா விடவில்லை. மீன் ரோல்ஸும் தேநீரும் கொடுத்தோம். உறைப்பில் கண் கலங்கியபடி இரண்டாவதை எடுத்தார். போகும்போது என் தொப்பியை எடுத்து என் கையில் தந்து, அனிதாவைப் பார்த்து ஏதோ சொன்னார்.

“சின்னம்மா, குளிர்ந்தால் தலையில் போடட்டாம்” என்றாள் அனிதா. “கூரைக்குக் குளிராதாம்.”

ஓகூஸுக்குத் திரும்பும்போது அவள் பிளாட் பற்றி வாய் திறக்கவில்லை. வாசலில் நின்று, வீட்டைக் கோடையில் பார்ப்போம் என்று மட்டும் சொன்னாளாம்.

ஒரே நாளில் ஒன்றும் மாறிவிடவில்லை. சுவரை மருந்து போட்டுக் கழுவினோம். கறுப்புத் திரும்பி வருகிறதா என்று அத்தான் தினமும் டோர்ச் அடித்துப் பார்த்தார். யன்னல் ஓரத் தண்ணீர் முதலில் நின்றது. பிறகு படுக்கையறையின் ஈர மணம் போனது. மாசி கடைசியில் டொக்டர் அக்காவின் நெஞ்சில் குழாய் வைத்து நீண்ட நேரம் கேட்டு, மருந்தில் ஒன்றைக் குறைத்தார். அத்தான் மட்டும் ரீவி பார்க்கும்போது என் தொப்பியை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டார். காற்றுப் படாவிட்டாலும் கடதாசி ஆடுவதைப் பார்க்கத் தனக்குக் குளிர்கிறதாம்.

நான் ஊர் திரும்புவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மறுபடியும் செபமாலை. அதே சப்பாத்துக் குவியல், அதே பெரிய பானை. யன்னல் கண்ணாடிகள் விளிம்பு வரை காய்ந்திருந்தன. வெளியே பக்கத்து வீட்டு வாசலில் குழந்தை வண்டி நின்றது தெளிவாகத் தெரிந்தது.

நான் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, செபமாலை வந்து விழுமென்று கையை மடியில் விரித்து வைத்திருந்தேன். அக்கா தொடங்கினார். நாலாவது மணி போனது, ஐந்தாவது போனது. அத்தான் செபத்தை விட்டுவிட்டு அக்காவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழாவது மணியில் குரல் ஒருமுறை கரகரத்தது. நான் மனதுக்குள் அடுத்த மணியைத் தொடங்கியே விட்டேன். அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு மேலே போனார். மேலே மூடியில் ஒட்டிய கடதாசி ஆடிக்கொண்டிருந்தது.

பத்தாவது மணியையும் அவரே முடித்தார். நான் விரித்து வைத்திருந்த கையை மடக்கிக்கொண்டேன்.